நாலாவது வயர்

மார்ச் 15, ஞாயிறு

நேற்று பதினாறாம் நாள் விசேஷம் முடிந்தது. வந்த சொந்தமெல்லாம் சாப்பிட்டுக் கை கழுவி, "தைரியமா இரு கனி" என்று சொல்லிவிட்டு வேன் ஏறிப் போய்விட்டது. தைரியத்தை என்ன ரேஷன் கடையிலா போடுகிறார்கள், வரிசையில் நின்று வாங்கி வைத்துக்கொள்ள? வீட்டில் இனி நானும் இசக்கியும்தான். அவளுக்குப் பதினாலு வயது, அவளிடம் கத்த முடியாது. சுவரிடம் கத்தினால் பைத்தியம் என்பார்கள். அதனால் அவளுடைய போன வருஷத்து நோட்டில் மிச்சம் கிடக்கிற தாள்களில் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் சுயம்பு, உப்பளத்தில் மோட்டார் போடுகிறவர். போர்த் தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்குப் பாய்ச்சுவது அவர் வேலை. பிப்ரவரிக் கடைசி வெள்ளிக்கிழமை விடியும் நேரத்தில் மோட்டார் ரூம் வாசலில் கரண்ட் அடித்துச் செத்துப்போனார். குடித்துவிட்டு ஈரக் கையோடு மோட்டாரைத் தொட்டார் என்று கங்காணி தவசி அண்ணாச்சி ஊரெல்லாம் சொல்கிறார். முதலாளியும் அதையே சொல்கிறார். மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூருக்கு மாலை போட்டிருந்த மனுசன். மீன் குழம்பு வாசனை வந்தால் எழுந்து வெளியே போய் நிற்பார். அவர் விடியக்காலையில் குடித்தாராம். சொல்கிற வாயில் புழு விழும்.

அவர் குடிக்கவில்லை என்று அந்த வாய்களையே சொல்ல வைக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

தம்பி நயினார் மட்டும் நேற்று ஒரு வாய் சாப்பிடவில்லை. இலையில் உட்கார்ந்தான், சோற்றைப் பிசைந்தான், எழுந்து போய்விட்டான். அத்தான் மேல் அவனுக்கு அவ்வளவு உயிர்.

மார்ச் 18, புதன்

இசக்கி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக் கூடக் கழற்றாமல் நின்றாள்.

"அம்மா, அப்பா அன்னைக்குக் குடிச்சிருந்தாவளா?"

"யாருட்டி சொன்னா?"

"எல்லாரும்தான்."

ஓங்கிய கையை எப்படி அடக்கினேன் என்று தெரியவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். என் மகளின் வாயையாவது மூடலாம் என்றால் அவள் கேட்டதில் தப்பே இல்லை. இட்லிக்கு மாவு ஆட்டினேன். உப்புப் போட மறந்துவிட்டேன். உப்பளத்துக்காரி வீட்டில் உப்பில்லாத மாவு.

மார்ச் 22, ஞாயிறு

நயினார் வந்தான். ஒரு பை நிறைய சாமான், இசக்கிக்குச் செருப்பு. இப்போதெல்லாம் வெறுங்கையோடு வருவதே இல்லை. இந்தச் சுற்று வட்டாரத்தில் பாதி அளங்களுக்கு வயரிங் செய்தது அவன்தான். எங்கள் அளத்து மோட்டாரும் அவன் கட்டியதுதான். அவனை விட்டால் யாரிடம் கேட்பது என்று கேட்டுவிட்டேன்.

"ஏல, அன்னைக்கு மோட்டார் ஓடவே இல்லங்காவ. ஓடாத மோட்டார் எப்படில ஆளை அடிக்கும்?"

அவன் மோட்டார் விஷயத்தை ஆதியிலிருந்து ஆரம்பித்தான். "அக்கா, அது திரீ பேஸ் மோட்டார். மூணு வயர் போதும். மூணு பேஸும் ஆள் மாத்தி ஆள் கொடுத்து வாங்கிக்கிடும். ஒண்ணுல போறது மத்த ரெண்டுல திரும்பிரும். கணக்கு அங்கனயே நேராயிரும், மிச்சம் ஒண்ணும் நிக்காது. அதனால நியூட்ரல்னு நாலாவது வயர் இழுக்க வேண்டாம். ஸ்டார்ட்டர் காயில் கூட ரெண்டு பேஸுக்கு நடுவுல ஓடுறதுதான்."

"அப்ப மோட்டார் ரூம் வாசல்ல எரியுற பல்பு?"

தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். குடித்து முடித்துச் செம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பல்பு ஒத்தைப் பேஸ்ல எரியுறது. போன கரண்டு திரும்பி வர ஒரு வழி வேணும்லா. அதுக்கு நியூட்ரல் வேணும்."

"மூணு வயர்தான் அங்க வந்துருக்கு?"

"தரையில ஒரு இரும்புக் கம்பிய அடிச்சு, பல்போட இன்னொரு வயர அதுல சுத்தி விட்டா மண்ணு வழியாத் திரும்பிரும். வேற ஊர் மண்ணுன்னா பல்பு மினுக்கு மினுக்குன்னு அழும். உப்பு மண்ணு அப்படி எடுக்கும், வெள்ளையா எரியும்."

அந்தப் பல்பு எனக்குத் தெரியாததா? நானும் அங்கே உப்பு வாருகிறவள்தானே. வெயிலுக்கு முன்னால் வேலையை முடிக்க நாங்கள் இருட்டோடு இறங்குவோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பாம்பு கிடக்கிறது, விளக்கு வேண்டும் என்று பொம்பளைகள் எல்லோரும் கேட்டோம். ரோட்டோரத்து மீட்டர் ரூமிலிருந்து அவ்வளவு தூரத்துக்கு நாலாவது வயர் இழுக்க முதலாளி மாட்டேன் என்றுவிட்டார். மோட்டாருக்கு மூணே போதுமாமே, அப்புறம் எதற்கு என்றாராம். நயினார்தான் பாவம் பார்த்துக் கம்பி அடித்து எரிய வைத்தான். அதற்கு ஒரு சுவிட்ச் கூடக் கிடையாது, இராப்பகலாக எரியும். அன்றைக்கு அவனுக்கு நாங்கள் சுற்றிப் போடாத குறை.

"சரி, அத்தானை எதுல அடிச்சது?"

"கெட்ட நேரம்க்கா" என்றான். வண்டிச் சாவியைத் தேடினான். அது அவன் கையிலேயே இருந்தது.

மார்ச் 23, திங்கள்

தண்ணீர் லாரி வரவில்லை. அவருடைய சட்டைகளை இன்னும் துவைக்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

வேலைக்குப் போனேன். அடுப்பு எரிய வேண்டுமே. கால் வெடிப்பில் துணி சுற்றி, பழைய சாக்ஸைப் போட்டுக்கொண்டு பாத்தியில் இறங்கினேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மோட்டார் ரூம் பக்கம் பார்த்தால் பல்பு இல்லை. வயரும் இல்லை, கம்பியும் இல்லை. கம்பி இருந்த இடத்தில் ஒரு குழி, அதில் உப்புப் பூத்துக் கிடக்கிறது.

பெரியபிராட்டி அக்காதான் பக்கத்தில் வந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், எனக்கு உப்பு வாரச் சொல்லிக்கொடுத்தவள். அன்றைக்கு அவரை முதலில் பார்த்தவளும் அவள்தான்.

"ஏளா கனி, பல்ப அன்னைக்கு மத்தியானமே கழட்டிட்டாவ. போலீஸ் வர முன்ன. ஒங்க நயினார்தான் வந்து கழட்டுனான். தவசி பக்கத்துலயே நின்னாரு."

"எதுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? அன்னைக்கு விடிய முன்ன பல்பு எரியல. நாங்க இருட்டுக்குள்ள நிக்கோம். சுயம்பு கம்பிகிட்ட குத்த வச்சு இருந்தாரு. இத்துப் போச்சு, கம்பி கையோட வருதுன்னாரு. போன்ல யார்கிட்டயோ பேசிக்கிட்டே ஒரு கையால வயரத் தூக்குனாரு. 'சரி மாப்ள, சரி மாப்ள'ன்னாரு. அவ்வளவுதான்ளா. எரியாத பல்பு வயர்ல ஏது கரண்டு, மோட்டார்ல இருந்துதான் எப்படியோ தாக்கிட்டு போல. போன் அந்தால தண்ணிக்குள்ள விழுந்துட்டு."

"அவிய மேல வாடை?"

"விபூதி வாடைதான் அடிச்சது. நான்லா தலையைத் தூக்கி மடியில வச்சேன்."

அப்படியானால் குடிக்கவில்லை. பாத்தியிலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா?

ஏப்ரல் 3, வெள்ளி

அவர் எல்லோரையும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். தன்னைவிடச் சின்னவனையும் அண்ணாச்சி என்பார். ஒரே ஒருவனைத்தான் மாப்ள என்பார்.

ஊரில் ஆயிரம் மாப்ள இருக்கிறான். பிராட்டியக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம் வேறு.

ஏப்ரல் 5, ஞாயிறு

நயினார் வந்தான், இசக்கியின் சைக்கிளைச் சரி செய்தான். சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"ஏல, கம்பி இத்துப்போயி பல்பு எரியலன்னா, அந்த வயர்ல கரண்ட் இருக்காதுல்லா?"

ஸ்பானர் அப்படியே நின்றது. "இருக்கும்க்கா. எரியுற பல்பக் கண்டு பயப்பட வேண்டாம். எரியாததுக்குத்தான் பயப்படணும். திரும்பிப் போற வழி அத்துப்போச்சு. கரண்டு பல்பு வழியா வந்து வயர் நுனியில காத்துக்கிட்டு நிக்கும். யாரு தொடுதாவளோ அவிய உடம்புதான் அதுக்கு வழி."

"அப்ப தொடாம என்ன செய்யணும்?"

"மீட்டர் ரூமுக்குப் போயி மெயின ஆஃப் பண்ணிட்டுத் தொடணும்."

"இது ஒங்க அத்தானுக்குத் தெரியுமால?"

சைக்கிள் சங்கிலியில் பார்வையை வைத்துக்கொண்டு, "தெரியும்னு..." என்று இழுத்தான். அதற்குள் இசக்கி வந்துவிட்டாள். நானும் விட்டுவிட்டேன். கேட்டேன், சொன்னான், அவ்வளவுதான்.

அவன் பேன்ட் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. முன்பெல்லாம் சாப்பிடும்போது கூடக் காதில் போனோடு இருப்பான். விடியக்காலையில் போன் அடித்தாலே எழுந்து வாந்தி எடுக்கிறான், வயிற்றில் ஏதோ கோளாறு என்று அவன் பெண்டாட்டி அன்றைக்குச் சொன்னாள். டாக்டரிடம் காட்டச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 10, வெள்ளி

இன்று விசாரணை. அதிகாரி நல்ல மனுஷராகத்தான் இருந்தார். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். தவசி அண்ணாச்சி முதலில் பேசினார். சாராய வாடை அடித்தது, மோட்டார் பெட்டியை ஈரக்கையால் தொட்டான், நான் கண்ணால் பார்த்தேன் என்றார். அவர் அன்றைக்கு அளத்துக்கு வந்தது எட்டு மணிக்கு.

"இல்ல சார், அவிய மாலை போட்டிருந்தாவ. குடிக்கல" என்றேன்.

"சரிம்மா. அப்ப எப்படி அடிச்சதுன்னு நினைக்கீங்க? மோட்டாரைச் சோதிச்சுட்டோம், அதுல கோளாறு இல்ல. வேற ஏதாவது வயர், லைட் அங்க இருந்துச்சா?"

பின் வரிசையில் நயினார் உட்கார்ந்திருந்தான். நான் திரும்பிப் பார்த்திருக்கக் கூடாது, பார்த்துவிட்டேன். சின்ன வயதில் கிணற்றுக்குள் விழுந்து என் கை பிடித்து மேலே வந்தபோது இருந்த அதே முகம்.

"எனக்குத் தெரியாது சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. வேற ஏதாவது சொல்லணுமா?"

"இல்ல சார்."

எழுதிக்கொண்டார். இறந்தவரின் கவனக்குறைவு. படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். பெயரை முழுசாக எழுதினேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். சுயம்பு பார்த்த வேலையை எனக்கே தருகிறாராம். பாத்தியில் கால் வேக வேண்டாமாம், மோட்டார் ரூமில் நாற்காலி போட்டு உட்காரலாமாம். கண்ணைக் கூடத் துடைத்துக்கொண்டார். ஆடு நனையுதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனாலும் சரி என்றுதான் சொன்னேன்.

நயினார் கேள்விப்பட்டு ஓடி வந்தான். "நீ அங்கன நிக்க வேண்டாம்க்கா. நான் பாத்துக்கிடுதேன் ஒங்க ரெண்டு பேரையும்."

"நீ எதுக்குல பாக்கணும்?"

திடீரென்று என் காலில் விழுந்தான். எழுந்திருல, என்ன கூத்து இது என்று திட்டினேன். சாதம் போட்டேன். இன்றைக்குச் சாப்பிட்டான்.

ஏப்ரல் 27, திங்கள்

மோட்டார் போடப் பழகிவிட்டேன். பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஸ்டார்ட்டருக்குள் டக்கென்று ஒரு சத்தம், பிறகு மோட்டார் உறுமும். தண்ணீர் குழாய் வாயில் வந்து விழுந்ததும் வரப்பு வழியாகப் போய் மடை திறக்க வேண்டும். மூன்று வயர்கள், சிவப்பு, மஞ்சள், நீலம், தூண் தூணாக வந்து சுவர் ஓட்டை வழியாக உள்ளே நுழைகின்றன. நாற்காலியில் உட்கார்ந்து அவற்றையே பார்க்கிறேன். மூன்று பேரும் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்கிறார்களாம். கொடுத்து வைத்தவர்கள்.

இசக்கி இப்போது ஒன்றும் கேட்பதில்லை. அப்பா படத்துக்கு நேராக உட்கார்ந்து படிப்பதில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

மே 9, சனி

இருட்டில் வரப்பில் கிடந்த பாம்பைப் பெரியபிராட்டி அக்கா மிதிக்கப் போனாள். ஒரு சாண் இடைவெளி. பொம்பளைகள் தவசி அண்ணாச்சியிடம் போய் விளக்கு வேண்டும் என்று நின்றார்கள். அவர் எங்கிருந்தோ ஒரு வயர்மேனைக் கூட்டி வந்தார். வந்தவன் அதே குழியில் அதே மாதிரி, துருப்பிடித்த ஒரு பழைய கம்பியை அடித்து, வயரைச் சுற்றி, பல்பைப் போட்டுவிட்டுப் போனான். வெள்ளையாக எரிகிறது. பொம்பளைகளுக்குக் கொண்டாட்டம்.

நான் தவசி அண்ணாச்சியைத் தனியாகப் பிடித்தேன். "அண்ணாச்சி, இது வேண்டாம். கம்பி இத்துப்போச்சுன்னா ஆளைக் கொன்னுரும். நாலாவது வயர் இழுங்க."

"ஏம்மா, ஒன் வீட்டுக்காரன் மோட்டாரைத் தொட்டுச் செத்தான். நீயே கையெழுத்துப் போட்டிருக்க. பல்பா கொன்னுது?"

"எரியாத பல்பு கொல்லும் அண்ணாச்சி."

அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற பொம்பளைகளும் சிரித்தார்கள். "எரியுற பல்பே ஒண்ணும் செய்யல, எரியாததாம்ளா கொல்லப் போவுது" என்றாள் ஒருத்தி. பிராட்டியக்கா மட்டும் சிரிக்கவில்லை, ஆனால் என்னைப் பாவமாகப் பார்த்தாள். புருஷன் போன துக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்திருப்பாள்.

மே 10, ஞாயிறு

நயினார் வீட்டுக்குப் போனேன்.

"நீ ஒரு எட்டு வந்து சொல்லுல. வயர்மேன் சொன்னா நம்புவாவ. நான் சொன்னா சிரிக்காவ."

"வந்தா ஏன் எதுக்குன்னு கேப்பாவக்கா. ஒனக்கு எப்படித் தெரியும், அன்னைக்கு ஏன் கழட்டுனன்னு கேப்பாவ. எனக்கு ரெண்டு பிள்ளை இருக்கு."

எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறது. சொல்லவில்லை. வரும்போது அவன் பெண்டாட்டி முருங்கைக்காய் கொடுத்துவிட்டாள்.

மே 12, செவ்வாய்

முருங்கைக்காய் சாம்பார் வைத்தேன். ஊசிப்போய்விட்டது, கொட்டினேன்.

ஜூன் 14, ஞாயிறு

தினமும் அளத்தில் கால் வைத்ததும் முதலில் பல்பைப் பார்க்கிறேன். எரிந்தால்தான் மூச்சு வருகிறது. கம்பியின் மேல் பச்சையும் சிவப்புமாகத் துரு கட்டியிருக்கிறது. வயர் சுற்றிய இடத்தில் பொலபொலவென்று உதிர்கிறது. உப்பு இரும்பைச் சும்மா விடாது. மனுஷக் காலையே விடுவதில்லை.

பொம்பளைகளிடம் தினமும் சொல்கிறேன், அது அணைந்தால் கிட்டே போகாதீர்கள் என்று. "சரி தாயி" என்கிறார்கள்.

ஜூலை 1, புதன்

எரிகிறது.

ஜூலை 7, செவ்வாய்

இன்றைக்கு எழுதித்தான் ஆக வேண்டும்.

பஸ் பிந்திவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் கிழக்கு வெளுத்திருந்தது. தூரத்திலிருந்தே பார்த்தேன், பல்பு எரியவில்லை. ஓடினேன். மோட்டார் ரூம் வாசலில் பெரியபிராட்டி அக்கா குனிந்து நின்றாள். கம்பி ஒடிந்து சாய்ந்து கிடக்கிறது, வயர் தனியாகத் தொங்குகிறது. அவள் கையில் ஒரு புதுக் கம்பித் துண்டு. எனக்கு உதவியாகச் சுற்றி வைத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள்.

"தொடாதக்கா" என்று கத்தினேன். காது மந்தம் என்று எழுதினேனே, அது பொய்யில்லை.

தொட்டாள். சத்தமே இல்லை. உடம்பு ஒரு தரம் நிமிர்ந்தது, அப்படியே விறைத்து நின்றது. வாய் திறந்திருந்தது. மெயினை இறக்க மீட்டர் ரூமுக்கு ஓடினால் திரும்பி வர உயிர் இருக்காது. உள்ளே கிடந்த என் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி அவள் கையில் ஓங்கி அடித்தேன். இன்னொரு தரம் அடித்தேன். வயர் தெறித்தது, அவள் மல்லாக்க விழுந்தாள்.

மூச்சு இருந்தது. பொம்பளைகள் ஓடி வந்தார்கள். ஒருத்தி என் முடியைப் பிடித்தாள். "ஏளா பாவி, அவளை எதுக்குளா சேரால அடிக்க?"

அப்போதுதான் சொன்னேன். நடு அளத்தில் நின்று சத்தம் போட்டுச் சொன்னேன். "எம் புருஷன் இப்படித்தான் செத்தாவ. குடிக்கல. மோட்டாரைத் தொடல. இந்த வயரைத்தான் தொட்டாவ. எரியாத பல்போட வயர். எனக்குத் தெரியும். விசாரணைக்கு முன்னாலயே தெரியும். தெரிஞ்சுதான் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன்."

என் முடியை விட்டுவிட்டாள்.

ஜூலை 8, புதன்

பெரியாஸ்பத்திரி. அக்கா பிழைத்துவிட்டாள். வலது கையில் மணிக்கட்டு நான் அடித்ததில் உடைந்திருக்கிறது. இரண்டு விரல் கருகிவிட்டது, இனி மடங்காது என்கிறார் டாக்டர். மடங்காத விரலோடு உப்பு வாருபலகை பிடிக்க முடியாது. அவள் வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

என்னைப் பார்த்ததும் இடது கையால் கூப்பிட்டாள். "சுயம்பு பேசுனது ஒந்தம்பிகிட்டதானளா?" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். வாயால் சொல்ல இன்னும் வரவில்லை.

ஜூலை 9, வியாழன்

நயினார் வீட்டுக்குப் போனேன். உட்காரவில்லை.

"அன்னைக்குப் போன்ல ஒங்க அத்தான்கிட்ட என்னல சொன்ன?"

அவன் மறுக்கவில்லை. நாலு மாதமாக இந்தக் கேள்விக்காகவே காத்துக்கொண்டிருந்தவன் மாதிரிச் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"தூக்கத்துல இருந்தேன்க்கா. 'மாப்ள, பல்பு எரியல, கம்பி இத்துக் கெடக்கு, பொம்பளையள் இருட்டுல நிக்காவ'ன்னாவ. 'அந்த வயர எடுத்து வேற கம்பியில சுத்துங்கத்தான், எரியும்'னேன். சரி மாப்ளன்னாவ. அப்புறம் ஏதோ சத்தம் கேட்டுது. போன் கட்டாயிருக்கும்னு வச்சுட்டுத் திரும்பிப் படுத்துட்டேன்க்கா. படுத்துத் தூங்கிட்டேன்."

"மெயின ஆஃப் பண்ணச் சொன்னியா?"

"அத்தானுக்குத் தெரியும்னு நெனைச்சேன்."

"அவிய மோட்டார் மட்டும் போட்ட மனுசன்ல. பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும்தான் தெரியும். நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு தொட்டாவ."

அடித்தேன். முகத்தில், தலையில், தோளில், என் கை ஓயும்வரை அடித்தேன். அவன் பெண்டாட்டி தடுக்க வந்தாள், அவனே வேண்டாம் என்று சைகை காட்டினான். பிறகு அவன் தலையை என் வயிற்றோடு பிடித்துக்கொண்டு அழுதேன். அவனை எனக்கு மன்னிக்கத் தெரியவில்லை. அவன் இல்லாமல் இருக்கவும் தெரியவில்லை. இரண்டும் உண்மை, என்ன செய்ய?

ஜூலை 11, சனி

அளத்தில் எல்லோர் முன்னாலும் வந்து நின்று சொன்னான். போன் விஷயம், பல்பைக் கழற்றிய விஷயம், கழற்றச் சொன்னது யார் என்ற விஷயம், எல்லாம். தவசி அண்ணாச்சி பாதியிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு பொம்பளை காறித் துப்பினாள். நயினார் மேல்தான் துப்பினாள், அவன் துடைக்கவில்லை.

பிறகு பாத்திகளைக் காட்டி, "நாலாவது வயர் வர வரைக்கும் யாரும் இறங்காதீங்க" என்றான். யாரும் இறங்கவில்லை. வாராத உப்பு வெயிலில் இறுகிக்கொண்டு கிடந்தது.

ஜூலை 14, செவ்வாய்

ஸ்டேஷனில் நயினார் எழுதிக் கொடுத்தான். நானும் கொடுத்தேன், விசாரணையில் பொய் சொன்னேன் என்று. மறுபடி விசாரிப்பார்களாம். அவன் லைசென்ஸ் போகும், ஜெயிலும் இருக்கலாம் என்கிறார்கள். அவன் பெண்டாட்டி என் வீட்டு வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். அவள் பக்கம் நியாயம் இல்லை என்று நான் எப்படிச் சொல்ல?

இசக்கியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மாமாவா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு போய் அப்பா படத்துக்கு நேராக உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். பக்கத்தைத் திருப்பவே இல்லை.

ஜூலை 19, ஞாயிறு

வாரம் முழுக்க உப்பு வாராமல் கிடந்ததில் முதலாளிக்குப் புத்தி வந்தது. ஒரு சுருள் வயர் வந்து இறங்கியது. வேறு ஆளைக் கூப்பிடலாம் என்றார் முதலாளி. வேண்டாம், அவனே இழுக்கட்டும் என்றேன். லைசென்ஸ் கையில் இருக்கிறவரை அவன் செய்கிற கடைசி வேலையாக இது இருக்கட்டும்.

காலையில் நானே மீட்டர் ரூமுக்குப் போய் மெயின் கைப்பிடியைக் கீழே இறக்கினேன். இறக்கிவிட்டு அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன். நயினார் முதல் தூணில் ஏணியைச் சாய்த்தான். ஏறாமல் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, மெயின் ஆஃபா?"

"ஆஃப்தான்ல."

ஏறினான், கட்டினான், இறங்கினான். இரண்டாவது தூணுக்குப் போனதும் மறுபடி கேட்டான். மூன்றாவதிலும் கேட்டான். போகப் போக அவன் குரல் எனக்கு எட்டவில்லை. காற்று கடலிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. பொம்பளைகள்தான் யாரும் சொல்லாமலே வரப்பில் தூணுக்கொருத்தியாக நின்றுகொண்டார்கள். அவன் கேட்டதை ஒருத்தி வாங்கி அடுத்தவளிடம் சொல்ல, அவள் அடுத்தவளிடம் சொல்ல, என்னிடம் வந்து சேர்ந்தது. "ஏளா கனி, ஆஃபான்னு கேக்கான்." ஆஃப் என்று நான் சொன்னது அதே வழியில் திரும்பிப் போனது. எனக்குப் பக்கத்தில் நின்றவள் பெரியபிராட்டி அக்கா. கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு, காதுக்குப் பின்னால் இடது கையைக் குவித்து வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு தடவை கூட அவள் தப்பாகக் கேட்கவில்லை.

கடைசித் தூண் மோட்டார் ரூம் வாசலில், அவர் விழுந்த இடத்தில். அங்கே நயினார் ஏணியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். என் கையில் கைப்பிடி வியர்வையில் வழுக்கியது. அந்தக் காலையில் போனில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இதைச் சொல்லியிருந்தால் போதும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே கேள்வி வந்து சேர்ந்தது.

"ஆஃபான்னு கேக்காம்ளா."

கைப்பிடியை இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தேன்.

"ஆஃப்தான்னு சொல்லு. நான் பிடிச்சுக்கிட்டு நிக்கேன்னு சொல்லு."